கணக்கு வேலையிலிருந்து நீக்கப்பட்டால்: ஒரு கடிதம், ஒரு சட்டப்பிரிவு, முப்பது நாள்

சாஃப்ட்வேர் கம்பெனியில் ஒருவனை அனுப்பிவிட்டால், "ப்ராஜெக்ட் முடிஞ்சுதாம்" என்று சொல்லிவிட்டு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். கணக்கு எழுதுகிறவனை அனுப்பினால் அப்படி இல்லை. "எவ்ளோ கையாடலாம்?" என்று யாராவது ஒருத்தர் குரலைத் தாழ்த்திக் கேட்பார். மந்தைவெளியில் எங்கள் அபார்ட்மெண்ட் லிஃப்ட்டிலேயே இந்தக் கேள்வியைக் காதால் கேட்டிருக்கிறேன். கேட்டவர் ரிடயர்டு பாங்க் ஆபீசர் வேறு. கணக்குத் தொழிலில் விற்கப்படுவது நம்பிக்கை. அதனால் வேலை போனது என்ற செய்தியோடு நம்பிக்கை போனது என்ற வதந்தியும் ஒட்டிக்கொண்டே வரும். வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பையனுக்கும் பெண்ணுக்கும் இது ரொம்பப் பெரிய சுமை.

நான் வக்கீலும் இல்லை, ஆடிட்டரும் இல்லை. பி.இ. முடித்து இருபது வருடத்துக்கு மேல் மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன். போன வருடம் அக்கா பையன் ஒருவனுக்கு இந்த நிலைமை வந்தபோதுதான் சட்டப் புத்தகத்தையும் தீர்ப்புகளையும் உட்கார்ந்து படித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்தது இது: இந்தத் தொழிலில் வேலை போவதைவிட, *எப்படிப் போனது என்று எந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறது* என்பதுதான் பின்னால் கூடவே வருகிறது. அந்தக் காகிதத்தைக் கவனிக்கக் கிடைக்கும் நேரம் ரொம்பக் குறைவு. முதல் வாரத்தில் அழுதுகொண்டும், இரண்டாம் வாரத்தில் கோபப்பட்டுக்கொண்டும், மூன்றாம் வாரத்தில் நௌக்ரி டாட் காமில் விண்ணப்பம் போட்டுக்கொண்டும் அந்த நேரத்தைத் தொலைத்துவிடுகிறார்கள்.

அவன் செய்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பி.காம்., வயது 23, வெளிக் கம்பெனிகளுக்குக் கணக்கு பார்த்துத் தரும் ஒரு தனியார் நிறுவனத்தில் எட்டாவது மாதம். ஒரு சப்ளையரின் பில் இரண்டு முறை ஏறிவிட்டது. ஒரு தடவை 1047 என்ற எண்ணில், இன்னொரு தடவை 01047 என்று. சாஃப்ட்வேருக்கு அவை இரண்டும் வேறு வேறு பில். விளைவு, ஒரே பில்லுக்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரிக் கிரெடிட்டை இரண்டு முறை எடுத்து ரிட்டர்ன் போயாகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து வாடிக்கையாளரின் ஆள் கண்டுபிடித்தார்.

இதில் பண நஷ்டம் எவ்வளவு? தவறாக எடுத்துப் பயன்படுத்திய கிரெடிட்டுக்கு வருடத்துக்கு 18 சதவீதம் வட்டி. 18,000 ரூபாய் இரண்டு மாதம் அப்படி இருந்தால் வட்டி 540 ரூபாய். நிறுவனத்தின் மானம் போனதை அந்த 540-ல் அளக்க முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் என் தொழிலின் பழக்கம், நான் கேட்கும் கேள்வி வேறு: இந்த என்ட்ரியை இரண்டாவது ஆளாக யார் பார்த்தார்கள்? கணக்குத் துறையில் இதற்கு மேக்கர், செக்கர் என்று பெயர். போடுகிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் இன்னொருவர். பாங்கில் ஒரு செக் பாஸ் ஆவதற்கே இரண்டு கண் ஜோடி வேண்டும். ஜி.எஸ்.டி. தளமே மாதாமாதம் 2பி என்ற பட்டியலைத் தருகிறது. அதையும் நம் புத்தகத்தையும் ஒப்பிட்டால் இரட்டைப் பில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். எட்டு மாதப் பையனின் என்ட்ரி யார் கண்ணிலும் படாமல் ரிட்டர்ன் வரைக்கும் போகிறது என்றால், ஓட்டை அவன் விரலில் மட்டும் இல்லை. எங்கள் ஊழியத்தில் ஒரு ஜூனியர் எழுதிய கோடு நேராக ப்ரொடக்‌ஷனுக்குப் போய் எல்லாம் நின்றுபோனால், முதலில் கேள்வி கேட்கப்படுவது ரிவ்யூ செய்தவரைத்தான்.

இதைச் சொல்லிவிட்டு அவனை முழுக்க விடுவித்துவிடவும் நான் தயாரில்லை. தப்பு தப்புதான். ஆனால் *கவனக்குறைவு* என்பதும் *நேர்மையின்மை* என்பதும் இரண்டு வேறு சொற்கள். எந்தச் சொல் கடிதத்தில் ஏறுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இப்போது சட்டம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. பழைய சட்டம்தான், பெயரைப் பார்த்தால் மளிகைக் கடைக்கு என்று தோன்றும். ஆனால் கம்பெனிகள், பாங்குகள், தொழிற்சாலையின் எழுத்தர் பிரிவு எல்லாமே அதன் விளக்கத்துக்குள் வருகின்றன. அதில் 41-ஆவது பிரிவு சொல்வது: தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை பார்த்த ஒருவரை, நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. நீக்கினால் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், அல்லது அதற்கு ஈடான சம்பளம். ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் அனுப்ப வேண்டுமானால், விசாரணை நடத்தி, அதில் பதிவான சாட்சியத்தால் அது நிரூபணமாகியிருக்க வேண்டும். மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டுக் கத்துவது விசாரணை ஆகாது.

அப்படி நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். அதற்கான கெடு, நீக்க ஆணை கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள். தொழிலாளர் துறையின் அதிகாரிதான் கேட்பார். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அந்தத் துறையின் அலுவலகம் இருக்கிறது, மந்தைவெளியிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். மேலே நான் சொன்ன மூன்று வாரத்தை இந்த 30 நாளில் கழித்துப் பாருங்கள், மிச்சம் ஒன்பது நாள்.

இதில் சில ஓரங்களும் உண்டு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு இந்தச் சட்டம் கிடையாது. விசிட்டிங் கார்டில் 'அக்கவுண்ட்ஸ் மேனேஜர்' என்று போட்டுக் கொடுத்தால் மட்டும் அவர் நிர்வாகி ஆகிவிட மாட்டார், செய்கிற வேலைதான் கணக்கு. வக்கீல் ஆபீஸ் வணிக நிறுவனம் ஆகாது என்று, கேரளச் சட்டத்தை வைத்து, 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தவர் 41-ஐ நம்பிப் புறப்படும் முன் தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வக்கீல் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப்பில் இருப்பவர்களின் கதையே தனி. அவர்களைப் பதிவு செய்வதும் முடித்துவைப்பதும் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் விதிப்படி. அங்கே கவனிக்க வேண்டிய காகிதம் 109-ஆம் எண் படிவம். அது இல்லாமல் அதுவரை செய்த பயிற்சிக் காலம் அந்தரத்தில் நிற்கும்.

தீர்ப்புகளைத் தேடிக்கொண்டிருந்தபோது எனக்குப் பிடித்துப்போன வழக்கு ஒன்று, நம்ம சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து டில்லிக்குப் போனது: ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியா எதிர் சுந்தரமணி, 1976. அவர் தற்காலிகக் கேஷியர். விட்டு விட்டுச் சில நாட்களுக்கு என்று வேலைக்கு எடுப்பார்கள். கடைசி ஆணை வெறும் ஒன்பது நாளுக்கு. ஒன்பது நாள் முடிந்தால் வேலை தானாக முடிந்துவிடும் என்று ஆணையிலேயே எழுதியிருந்தது. பாங்க் சொன்னது, 'நாங்கள் யாரையும் நீக்கவில்லை, காலம் முடிந்தது, அவ்வளவுதான்.' ஆனால் துண்டு துண்டான நாட்களைக் கூட்டினால் சட்டம் கேட்கும் 240 நாள் தேறிவிட்டது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அமர்வு, எந்தக் காரணத்தால் வேலை முடிந்தாலும் அது ஆட்குறைப்புதான், உரிய நோட்டீசும் இழப்பீடும் தராமல் செய்தது செல்லாது என்றது. பாங்கின் மேல்முறையீடு தோற்றது. ஆனால் அவரை நிரந்தர ஊழியர்கள் எல்லோருக்கும் கீழே, தற்காலிக ஆளாகவேதான் திரும்ப வைத்தார்கள். ஜெயித்தாலும் கிடைப்பது இவ்வளவுதான் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கும் பாடம்.

இதை வாட்ஸப்பில் யாராவது அனுப்பினால் அப்படியே நம்பிவிடாதீர்கள். 1984-ல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காமல் விடுவது ஆட்குறைப்பு ஆகாது என்று சேர்த்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய தொழில் தகராறு சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்பு வந்திருக்கிறது. அதில் குறித்த காலத்துக்கு ஆள் எடுப்பது அங்கீகரிக்கப்பட்ட முறையாகவே இருக்கிறது. அதனால் ஆஃபர் லெட்டரில் 'குறித்த காலம்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பது இப்போது முன்னைவிட முக்கியம்.

கடிதத்தின் சொற்களுக்கு வருகிறேன். ப்ரொபேஷனில் இருப்பவரை 'உங்கள் சேவை தேவையில்லை' என்று சாதாரணமாக அனுப்புவதும், களங்கம் ஏற்படும்படி எழுதி அனுப்புவதும் ஒன்றல்ல என்று அரசு, அரசு சார்ந்த நிறுவனங்கள் விஷயத்தில் நீதிமன்றங்கள் ரொம்ப நாளாகச் சொல்லிவருகின்றன. கல்கத்தாவில் எஸ்.என். போஸ் மையத்தில் ப்ரொபேஷனில் இருந்த ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் ஒருவரின் வழக்கில் (1999), களங்கம் ஆணையிலேயே இருக்க வேண்டியதில்லை, ஆணை சுட்டிக்காட்டும் இன்னொரு காகிதத்தில் இருந்தாலும் போதும் என்று உச்ச நீதிமன்றம் நீக்கத்தை ரத்து செய்தது. தனியார் கம்பெனிக்கு இது நேராகப் பொருந்தாது. ஆனாலும் கடிதத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று இது கற்றுக்கொடுக்கிறது. 'உங்களுக்கு அனுப்பிய இந்தத் தேதியிட்ட மெயிலைத் தொடர்ந்து' என்று ஒரு வரி இருந்தால், அந்த மெயிலில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதுவும் கடிதத்தின் பகுதிதான்.

எங்கள் பையன் விஷயத்தில் கடிதமே வரவில்லை. வந்தது ஒரு பேச்சு. "மாமா, நானே ரிசைன் பண்ணிட்டா ரெகார்டுல எதுவும் வராதுன்னு ஹெச்.ஆர். சொல்றாங்க. இன்னிக்கே மெயில் போடணுமாம்" என்று ஃபோனில் சொன்னான். "இன்னிக்குப் போடாதே. வீட்டுல பேசிட்டு நாளைக்குச் சொல்றேன்னு சொல்லிட்டு வா" என்றேன்.

இது நிஜமாகவே கஷ்டமான முடிவு. ராஜினாமா கொடுத்தால் 41-ஆவது பிரிவின் மேல்முறையீடு போய்விடும், ஏனென்றால் யாரும் உங்களை நீக்கவில்லை. மிரட்டி வாங்கினார்கள் என்று பின்னால் வழக்குப் போடலாம், ஆனால் அதை நிரூபிக்கிற வேலை உங்கள் தலையில். மறுபக்கம், நீக்க ஆணையைக் கையில் வாங்கிக்கொண்டு போராடினால் வருடக்கணக்கில் இழுக்கும், அதற்குள் 23 வயது 27 ஆகிவிடும். நேர்மையின்மை என்ற சொல் எங்கேயும் எழுதப்படாத வரைக்கும், தொடக்கத்தில் இருப்பவர் பேரம் பேசி ராஜினாமா கொடுப்பதில் தப்பில்லை என்பது என் கட்சி. பேரம் என்பதுதான் முக்கியமான சொல். அவர்களுக்கு அந்த மெயில் வேண்டும், சும்மா கொடுக்கக் கூடாது. ஒரு மாத நோட்டீஸ் சம்பளம், குறிப்பு ஏதும் இல்லாத ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ். இவ்வளவும் எழுத்தில் வந்த பிறகுதான் அவன் மெயில் போட்டான். நான்கு நாள் ஆனது. ஆனால் ஒருவேளை திருட்டு, கையாடல், போலி ஆவணம் என்று எதையாவது எழுதினால் கணக்கே வேறு. அப்போது ராஜினாமா கொடுக்காமல், அன்றைக்கே வக்கீலிடம் போக வேண்டும். அந்தச் சொல்லோடு இந்தத் தொழிலில் இன்னொரு வேலை தேட முடியாது.

பணம் பற்றி. புதிய ஊதியத் தொகுப்புப்படி, நீக்கினாலும் நாமே விலகினாலும் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். ஃபுல் அண்ட் ஃபைனலுக்கு 45 நாள் என்று சொல்லிப் பழகிய ஹெச்.ஆர்.களுக்கு இது இன்னும் கசக்கிறது. இன்னொன்று, கணக்கு ஆட்களுக்கே உரிய தொல்லை: 'உன்னால் வந்த அபராதம்' என்று கடைசிச் சம்பளத்தில் பிடிப்பது. நஷ்டத்துக்குப் பிடித்தம் செய்யச் சட்டம் இடம் கொடுப்பது இரண்டு விஷயத்துக்குத்தான். குறிப்பாக உங்கள் பொறுப்பில் ஒப்படைத்த பொருள், நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டிய பணம். அதுவும் நஷ்டம் நேரடியாக உங்கள் கவனக்குறைவால் வந்திருக்க வேண்டும், உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். கல்லாவில் பணம் குறைந்தால் கேஷியரிடம் கேட்பது அந்த வகை. வாடிக்கையாளரின் ஜி.எஸ்.டி. வட்டியை டேட்டா என்ட்ரி பையன் தலையில் கட்டுவது அந்த வகை இல்லை. போனஸையும் மறக்க வேண்டாம், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு அந்த வருடத்தில் 30 வேலை நாள் பார்த்திருந்தாலே போனஸுக்குத் தகுதி வந்துவிடும்.

பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். எட்டு மாதப் பணம் பெரிய தொகை இல்லை, விட்டுவைத்துப் புது வேலைக்கு மாற்றிக்கொள்வதுதான் லாபம். விலகிய தேதியை நிறுவனம் பதியாமல் விட்டால், இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே தளத்தில் பதிந்துகொள்ளலாம். சம்பளத்தில் வரி பிடித்திருந்தால் அதற்கான சான்றிதழையும் கேட்டு வாங்க வேண்டும். கிளம்பும்போது வாடிக்கையாளரின் ஃபைல் எதையும் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று பென் டிரைவிலோ சொந்த மெயிலிலோ எடுத்துக்கொண்டு வரக் கூடாது. கவனக்குறைவு என்பது நேர்மையின்மையாக மாறுவதற்கு அந்த ஒரு பென் டிரைவ் போதும். தனக்கு வந்த நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பாராட்டு மெயில் இவை வேறு. அவற்றின் பிரதி கையில் இருக்க வேண்டும்.

அடுத்த இன்டர்வியூவில் என்ன சொல்வது? இந்த ஊரில் கணக்குக் குமாஸ்தாவாக இருந்த ஒருவரின் விண்ணப்பக் கடிதத்தை இதற்கு மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம். கணித மேதை ராமானுஜன் 1912 ஜனவரி 12 முதல் பிப்ரவரி 21 வரை சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் 20 ரூபாய் சம்பளத்தில் தற்காலிக வேலை பார்த்தார். அவரை யாரும் நீக்கவில்லை, அது சுமார் நாற்பது நாள் வேலை. அது முடியும் முன்பே, பிப்ரவரி 9 அன்று, திருவல்லிக்கேணி சம்மர் ஹவுஸிலிருந்து துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்கு விண்ணப்பம் எழுதினார். எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர் அவர். அதை மறைக்கவும் இல்லை, அதற்காகப் புலம்பவும் இல்லை. மெட்ரிகுலேஷன் முடித்து எஃப்.ஏ. வரை படித்ததாகவும், சில பாதகமான சூழ்நிலைகளால் தொடர முடியவில்லை என்றும் ஒரே வாக்கியம். அதன் பிறகு நேரம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டதாகவும், இந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியும் என்றும் சொல்லிவிட்டு முடித்துவிட்டார். கூடவே மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் தந்த சிபாரிசு. மார்ச் 1-ஆம் தேதி 30 ரூபாய் சம்பளத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்துவிட்டார். (அடுத்த ஜனவரியில் ஹார்டிக்கு எழுதும்போதும் தன்னை வருடத்துக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் கணக்குப் பிரிவு குமாஸ்தா என்றுதான் அறிமுகப்படுத்திக்கொள்கிறார்.)

நம்ம பையன் முதல் இரண்டு இன்டர்வியூவில் செய்தது இதற்கு நேர் எதிர். ஒன்றில் "கெரியர் க்ரோத்துக்காக விட்டேன்" என்றான், எட்டு மாதத்தில் என்ன க்ரோத் என்று கேட்டார்கள். இன்னொன்றில் கால் மணி நேரம் பழைய டீம் லீடரைத் திட்டிவிட்டு வந்தான். மூன்றாவதற்கு முன்னால் இருவரும் உட்கார்ந்து மூன்று வாக்கியம் தயார் பண்ணினோம்: ஒரு சப்ளையர் பில் இரண்டு முறை ஏறியது, அது தெரியவந்து திருத்தினார்கள், நான் விலகினேன், இப்போது பில் எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யம், கோடு, இடைவெளி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒப்பிட ஒரு எக்ஸெல் ஷீட் வைத்திருக்கிறேன். பின்னணி சரிபார்ப்பில் பழைய கம்பெனியைக் கூப்பிட்டுக் கேட்டாலும் இதற்கு மாறாக எதுவும் வராது.

வீட்டில் மறைக்கிற வழக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, கோட்டூர்புரம் அண்ணா நூலகத்தில் ஏசியில் உட்கார்ந்திருந்துவிட்டு சாயங்காலம் வீடு திரும்புகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். நூலகம் நல்ல இடம், போகலாம். ஆனால் வீட்டுக்குத் தெரிந்து போக வேண்டும். இந்த 30 நாள் கெடு, வக்கீல், ஆவணம், பேரம் எதுவும் ரகசியமாகச் செய்கிற வேலை இல்லை. அக்கா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவள்தான் நியமனக் கடிதத்தைப் பீரோவிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தாள்.

வேலை தேடுகிற காலத்துக்கு ஒரு சின்னத் தகவல். கணக்குத் தொழிலுக்குப் பருவம் உண்டு. தனிநபர் வருமான வரி ரிட்டர்னுக்குப் பொதுவாக ஜூலை 31, வரித் தணிக்கை அறிக்கைக்குச் செப்டம்பர் 30. இந்தத் தேதிகளுக்கு ஆறு வாரம் முன்னால் லஸ், ஆர்.கே. மடம் சாலை, தி.நகர் பக்கம் இருக்கும் ஆடிட்டர் ஆபீஸ்களில் டேலியும் எக்ஸெலும் தெரிந்த கைக்குத் தட்டுப்பாடு. நிரந்தர வேலையாக இருக்காது, சம்பளமும் சுமார்தான். போர்ட்டலில் விண்ணப்பம் போட்டால் பதில் வராது, நேரில் படியேறிக் கேட்க வேண்டும். அவன் ஜூன் நடுவில் ஏறிய நான்காவது மாடிப்படியில் "நாளைக்கே வர்றியா?" என்று கேட்டார்கள்.